ரிங் நேரத்தைக் கூட்டப் போய் வாய்ஸ்மெயிலையே தொலைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் ரிங் நின்றுவிடுகிறது. திரும்பக் கூப்பிட்டால், "வாய்ஸ்மெயில்தான் போச்சு" என்கிறார் கூப்பிட்டவர். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சிம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். ரிங் போகும் நேரத்தைப் பெரும்பாலான ஜிஎஸ்எம் (உலகில் பரவலான மொபைல் தொழில்நுட்பம்) நெட்வொர்க்குகளில் 30 நொடி வரை கூட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு குறியீடுதான். ஆனால் அதை அடிக்கும்போது ஒரு நட்சத்திரம் கூடினாலும் குறைந்தாலும் வேறு ஏதாவது நடக்கும்.

முதல் தவறு, போனின் செட்டிங்கில் தேடுவது. ஐபோனில் இதற்கு ஒரு பொத்தான் கிடையாது. ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான மாடல்களில் நொடியை மாற்றும் இடம் இல்லை. காரணம், அந்தக் கடிகாரம் போனுக்குள் இல்லை, நெட்வொர்க்கில் ஓடுகிறது. வாய்ஸ்மெயில் என்பது உள்ளே ஒரு கால் ஃபார்வர்டிங்தான்: "இத்தனை நொடிக்குள் எடுக்காவிட்டால் இந்த எண்ணுக்குத் திருப்பு" என்று உங்கள் பெயரில் நெட்வொர்க்கில் ஒரு பதிவு இருக்கிறது. எந்த எண், எந்த வகைச் சேவை, எத்தனை நொடி என மூன்று விவரம் அதில் உண்டு. நாம் மாற்ற வேண்டியது மூன்றாவதை மட்டும். மற்ற இரண்டையும் உள்ளபடியே திருப்பி எழுத வேண்டும் என்பதால்தான் இத்தனை பிழைகள்.

இருப்பதைப் பார்க்காமல் புதியதை எழுதுவது

டயல் பேடில் *#61# அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். எடுக்காத அழைப்பு எந்த எண்ணுக்குப் போகிறது என்று திரையில் வரும். சில போன்களில் நொடியும் சேர்ந்து தெரியும். அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோம்பல்பட்டு இதை விடுபவர்கள்தான் பிறகு சேவை மையத்தில் காத்திருக்கிறார்கள்.

ஃபேக்ஸ், டேட்டா என்று தனித்தனி வரிகள் வந்தால் குழம்ப வேண்டாம். குரல் அழைப்புக்கான வரியில் உள்ள எண் மட்டும் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. மெசேஜ் கேட்க நாம் அடிக்கும் எண் வேறு, அழைப்பு போய் விழும் எண் வேறாக இருக்கலாம். அமெரிக்காவின் டி-மொபைலில் மெசேஜ் கேட்க 123 அடித்தால் போதும். ஆனால் எடுக்காத அழைப்புகள் திரும்புவது +18056377243 என்ற எண்ணுக்கு. குறியீட்டில் 123 என்று போட்டால் பதிவு நிராகரிக்கப்படலாம், அல்லது உருப்படாத இடத்துக்கு அழைப்பு போகலாம். *#61# எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் உங்கள் எண். நண்பர் அனுப்பிய எண்ணும், எங்கோ படித்த எண்ணும் வேறு நெட்வொர்க்குடையதாக இருக்கக்கூடும்.

எண்ணின் முன்னால் + இருந்தால் அதையும் சேர்த்தே அடிக்க வேண்டும். 0 பொத்தானை அழுத்திப் பிடித்தால் + வரும்.

குறியீட்டில் ஒரு பகுதியை விழுங்குவது

முழு வடிவம் இது:

**61*எண்*11*30#

டி-மொபைல் சிம்முக்கு இது **61*+18056377243*11*30# என்று ஆகும். தொடக்கத்து இரட்டை நட்சத்திரம் "பதிவு செய்" என்பதற்கு. 61 என்றால் "எடுக்காதபோது". அடுத்து எண். 11 என்பது குரல் அழைப்பு. கடைசியில் நொடி.

பலர் 11 எதற்கு என்று தெரியாமல் அதைத் தூக்கிவிட்டு **61*எண்*30# என்று அடிக்கிறார்கள். அப்போது நெட்வொர்க் 30ஐ நொடியாகப் படிக்காது, சேவை வகையாகப் படிக்கும். விளைவு, பிழைச் செய்தி. 11ஐ விட்டே ஆக வேண்டும் என்றால் அதன் இடத்தைக் காலியாக விட்டு, **61*எண்**30# என இரண்டு நட்சத்திரம் அடுத்தடுத்து வர வேண்டும். அப்படிச் செய்தால் எல்லா வகைச் சேவைக்கும் பொருந்தும் என்று அர்த்தம். சில நெட்வொர்க்குகள் இந்த வடிவத்தைத்தான் ஏற்கும், சில 11 உள்ளதைத்தான் ஏற்கும். ஒன்று தோற்றால் மற்றதை முயலலாம்.

நொடியில் பேராசை வேண்டாம். ஜிஎஸ்எம் விதிப்படி 5, 10, 15, 20, 25, 30 ஆகியவை மட்டுமே. 45, 60 என்று போட்டால் நிராகரிப்புதான். 27 போன்ற எண்ணுக்கும் பெரும்பாலும் அதே கதி. 30க்கு மேல் வேண்டுமென்றால் குறியீட்டில் வழியில்லை.

61க்குப் பதிலாக 21 அடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பிழை. 21 என்றால் "எப்போதும் திருப்பு". ரிங் நீள்வதற்குப் பதிலாகப் போன் அடிக்கவே அடிக்காது, ஒவ்வொரு அழைப்பும் நேராக வாய்ஸ்மெயிலில் விழும். அன்றைக்கு யாருமே கூப்பிடவில்லையே என்று தோன்றினால் *#21# அடித்துப் பாருங்கள். இருந்தால் ##21# அதை அழிக்கும்.

"முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடு" என்ற அறிவுரையும் உலவுகிறது. ##002# எல்லாத் திருப்பலையும் துடைத்துவிடும், ##004# நிபந்தனையுள்ள திருப்பல்களை. போன் அணைந்திருக்கும்போது, வேறு அழைப்பில் இருக்கும்போது, எடுக்காதபோது என மூன்று வழியாகவும் வாய்ஸ்மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பதிவு இதில் காணாமல் போகும். சில நெட்வொர்க்குகளில் ##004# பழைய இயல்புநிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது, சிலவற்றில் வெறுமையாக்கி விடுகிறது. ரிங் நேரத்தைக் கூட்ட அழிக்கத் தேவையே இல்லை. புதிய பதிவு பழையதன் மேல் தானாக எழுதிக்கொள்ளும்.

இரண்டு சிம் போட்ட போனில், எந்த சிம்மிலிருந்து குறியீடு போகிறது என்று அடிக்கும் முன் பாருங்கள். தவறான சிம்மில் போனால் அங்கே வெற்றிச் செய்தி வந்தும் இங்கே எதுவும் மாறியிருக்காது. "இணைப்புச் சிக்கல் அல்லது தவறான எம்எம்ஐ குறியீடு" என்று வந்தால் வைஃபை காலிங்கை அணைத்துவிட்டு, மொபைல் சிக்னலில் இருந்தபடி மறுபடி அடித்துப் பாருங்கள். குறியீட்டில் பிழை இல்லாமலேயே இந்தச் செய்தி வருவதுண்டு.

மெனுவில் போய் மறுபடி தொடுவது

இது பலருக்குத் தெரியாதது. குறியீடு அடித்து 30 நொடி வைத்தாயிற்று, ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. நடுவில் என்ன நடந்திருக்கும்? ஆண்ட்ராய்டில் போன் ஆப்பின் செட்டிங்கில் கால் ஃபார்வர்டிங் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் "எடுக்காதபோது" என்ற வரியைத் திறந்து, எண்ணை மாற்றாமலே "புதுப்பி" என்று அழுத்தினால்கூட ஆண்ட்ராய்டு அந்தப் பதிவை மறுபடி நெட்வொர்க்குக்கு அனுப்பும். அப்படி அனுப்பும்போது நொடியாக 20ஐத்தான் போடும். அடிப்படை ஆண்ட்ராய்டின் மூலநிரலிலேயே அந்த 20 எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கத்தான் ஆசை என்றால் *#61# போதும், மெனுவைத் திறந்து "புதுப்பி"யைத் தொட வேண்டாம்.

நொடியைக் குற்றம் சொல்லி வேறு இடத்தில் கோட்டை விடுவது

ஒருமுறைகூட அடிக்காமல் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது என்றால் அதற்கும் இந்த 30 நொடிக்கும் சம்பந்தமில்லை. ரிங் தொடங்கினால்தான் கடிகாரம் ஓடும். போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ வேலை செய்வது 62. நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலோ அழைப்பை நிராகரித்தாலோ 67. இவை இரண்டிலும் நொடி என்ற பேச்சே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அழைப்பு உடனே திரும்பிவிடுகிறது என்றால் கால் வெயிட்டிங் அணைந்திருக்கலாம். *#43# நிலையைக் காட்டும், *43# அதை இயக்கும்.

தெரியாத எண்கள் மட்டும் அடிக்காமல் போகின்றனவா? ஐபோனில் அறியாத அழைப்பாளர்களை அமைதியாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். மருத்துவமனை, பள்ளி, டெலிவரிக்காரர் எல்லாம் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஐஓஎஸ் 17இல் வந்த லைவ் வாய்ஸ்மெயில் இன்னொரு வில்லன். அது இயங்கும் ஐபோனில் அழைப்பை எடுப்பது நெட்வொர்க்கின் வாய்ஸ்மெயில் அல்ல, போனே. பேசுபவரின் சொற்களைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிறது. நல்ல வசதிதான். ஆனால் நெட்வொர்க்கில் நீங்கள் வைத்த 30 நொடி முடியும்வரை போன் காத்திருக்கும் என்று நம்ப முடியாது. குறியீடு வெற்றி என்று சொல்லியும் ரிங் நீளவில்லை என்றால், போன் செட்டிங்கில் லைவ் வாய்ஸ்மெயிலை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

அலுவலக எண்ணிலிருந்து உங்கள் மொபைலுக்குத் திருப்பிவிட்டிருந்தால், அலுவலகத் தொலைபேசிக்கும் சொந்தமாக ஒரு நொடிக் கணக்கு உண்டு. அங்கே 20, இங்கே 30 என்றால் 20தான் ஜெயிக்கும். மொபைலில் எத்தனை முறை குறியீடு அடித்தாலும் பலனில்லை, அலுவலகத்தில் சொல்லி மாற்ற வேண்டும்.

தப்பான வழியில் சோதிப்பது

வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் அழைப்பு இந்தப் பதிவின் பக்கமே வராது, அதன் ரிங் நேரம் அதன் சொந்தக் கணக்கு. வேறொரு போனிலிருந்து சாதாரண அழைப்பாகவே செய்ய வேண்டும்.

கூப்பிடுபவர் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து எண்ணக் கூடாது. உங்கள் போனைத் தேடிப் பிடிக்கச் சில நொடி ஆகும். முதல் ரிங் கேட்டதிலிருந்துதான் கணக்கு. "எத்தனை ரிங்" என்று எண்ணுவதும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ரிங் ஒலி 2 நொடி அடித்து 4 நொடி ஓயும், அதாவது 30 நொடிக்கு ஐந்து ரிங்தான். பிரிட்டனின் "டிரிங்-டிரிங்" 3 நொடிக்கு ஒருமுறை வருவதால் அதே 30 நொடிக்குப் பத்து. டொராண்டோவில் இருப்பவர் "எனக்கு அஞ்சுதான் அடிக்குது, லண்டன்ல மாமாவுக்குப் பத்து அடிக்குதே" என்று அலுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

எங்கும் ஒரே குறியீடு என்று நம்புவது

அமெரிக்காவின் வெரைசன், ஜிஎஸ்எம்முக்குப் போட்டியாக இருந்த சிடிஎம்ஏ என்ற தொழில்நுட்பத்தில் வளர்ந்த நிறுவனம். அந்த நெட்வொர்க்கை 2022 இறுதியில் மூடிவிட்டது என்றாலும் குறியீடுகள் இன்னும் அந்த மரபில்தான்: *71, *72, *73. மேலே சொன்ன 61 வகை அங்கே செல்லாது. ரிங் நேரத்துக்கு அவர்களின் சேவை மையத்தைத்தான் கேட்க வேண்டும். ப்ரீபெய்டு, மலிவு விலை சிம்களிலும் கால் ஃபார்வர்டிங்கை மாற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். நாலைந்து முறை ஒரே பிழை வந்தால் ஆறாவது முறையும் அதுதான் வரும், கேட்டுவிடுவது நல்லது.

வெளிநாட்டு சிம்மோடு சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விடுமுறைக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டியது: ரோமிங்கில் இருக்கும்போது ரிங் அடித்து, எடுக்காமல், வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பும் அழைப்புக்குப் பல நெட்வொர்க்குகளில் இரட்டைச் செலவு. அழைப்பு இங்கே வந்ததற்கு ஒன்று, இங்கிருந்து மறுபடி அந்த நாட்டு வாய்ஸ்மெயிலுக்குப் போனதற்கு இன்னொன்று. போன் அணைந்திருந்தால் பெரும்பாலும் அழைப்பு அங்கேயே திரும்பிவிடும், செலவில்லை. ஆகவே 62ஐ விட்டுவைத்து, விமானம் ஏறும் முன் #61# அடித்து 61ஐ மட்டும் நிறுத்திவிட்டு, ஊர் திரும்பியதும் முழுக் குறியீட்டை மறுபடி அடித்துவிடுவது சிக்கனம். ஸ்கிரீன்ஷாட் அப்போதும் உதவும்.

இந்திய சிம்மில் 30 நொடி தேடுவது

இந்தியாவில் பெரும்பாலோர் வாய்ஸ்மெயில் பயன்படுத்துவதில்லை. திருப்பும் எண்ணே பதிவில் இல்லாதபோது நொடியை மட்டும் மாற்ற முடியாது. எடுக்காத அழைப்பு எப்போது அறுபடும் என்பதை நெட்வொர்க்கே வைத்திருக்கிறது. 2019இல் அழைப்பை ஏற்கும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டியிருந்த காலத்தில், ஜியோ ரிங் நேரத்தை 20 நொடிக்குக் குறைத்து, பின்பு 25 ஆக்கியது. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 25க்கு இறங்கின. சீக்கிரம் அறுந்தால் மிஸ்டு கால் விழும், எதிர்ப்பக்கத்துக்காரர் திருப்பிக் கூப்பிடுவார், பைசா கைமாறும் திசை மாறும். அந்த இழுபறிக்குப் பிறகு 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மொபைலுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று நிர்ணயித்தது. இந்திய எண்ணை வேறொரு எண்ணுக்குத் திருப்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே நொடிக் கணக்கில் வேலை உண்டு.

"ரிங் நேரத்தைக் கூட்டித் தருகிறோம், சிக்னலைச் சரிசெய்கிறோம், இந்தக் குறியீட்டை அடியுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் அடிக்காதீர்கள். *401# என்று தொடங்கும் குறியீட்டோடு ஒரு எண்ணைச் சேர்த்து அடிக்க வைத்து, அழைப்புகளையும் அழைப்பில் வரும் ஓடிபியையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்ட மோசடிகளால்தான், தொலைத்தொடர்புத் துறை அந்தச் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னது. 21இல் தொடங்கும் குறியீடும் அதே வேலையைச் செய்யும். ஏற்கெனவே அடித்துவிட்டால் உடனே ##002#, பிறகு வங்கிக்கு ஒரு அழைப்பு.