வாடகை தராம இழுத்தடிக்கிறவங்கள எப்படி சமாளிக்கிறது

மாடி போர்ஷன வாடகைக்கு விட்டுட்டு அந்த காச நம்பி ஹவுசிங் லோன் கட்டுறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். ரெண்டு மாசமா வாடகை வரல, போன் பண்ணா எடுக்கல, படியில பாத்து கேட்டா "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்"னு சொல்லிட்டு போயிடுறாங்க, அப்ப வர்ற கோவம் நியாயமானதுதான். ஆனா அந்த கோவத்துல ஃபியூஸ பிடுங்குறது, மோட்டார் போடாம விடுறது, ஆள் ஊருக்கு போயிருக்கப்ப பூட்ட மாத்துறது இதெல்லாம் செஞ்சிடாதீங்க. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22லேருந்து நடைமுறையில இருக்கிற வாடகை சட்டத்துல கரண்ட், தண்ணிய நிறுத்தவே கூடாது, வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. பாக்கி வச்சவரு புகார் கொடுக்கிறவரா மாறிடுவாரு, நீங்க பதில் சொல்ற இடத்துல நிப்பீங்க. வீட்டுக்குள்ள போய் பாக்கணும்னாலும் 24 மணி நேரம் முன்னாடி மெசேஜாவது அனுப்பிட்டு பகல்லதான் போகணும்.

அந்த அட்வான்ஸ் பேச்சுக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க, முக்கால்வாசி பேர் மாட்டுறது அங்கதான். வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000னு வைங்க, மூணு மாசம் கழிச்சா உங்க கையில ஒண்ணும் இருக்காது, அவரு இன்னும் வீட்டுக்குள்ளதான் இருப்பாரு, ஈபி பில்லு, உடைஞ்ச சிங்க்கு, பெயின்ட் செலவு எல்லாம் உங்க தலையில. வாயால சண்ட போடாம வாட்ஸ்அப்ல இப்படி அனுப்புங்க: "வணக்கம். ஜூன், ஜூலை வாடகை 24,000 ரூபா பாக்கி இருக்கு. அட்வான்ஸ் காலி பண்றப்ப கணக்கு பாத்து திருப்பி தர்றதுக்குத்தான், வாடகைல கழிக்க முடியாது. 20ம் தேதிக்குள்ள அக்கவுன்ட்ல போட்டுடுங்க." இவ்ளோதான், திட்டோ மிரட்டலோ வேணாம். நாளைக்கு ஜட்ஜ் படிக்கப்போற மெசேஜ்னு நினைச்சு டைப் பண்ணுங்க.

அவரு பதிலுக்கு என்ன சொல்றாருன்னும் பாருங்க. வேலை போச்சு, பாதி இப்ப தரேன் மீதி அடுத்த மாசம்னு தேதியோட சொல்றவருக்கு டைம் கொடுக்கலாம், நான் கொடுக்கத்தான் சொல்வேன், அந்த தேதிய எழுதி வாங்கிக்கோங்க. ஆனா ஒவ்வொரு வாரமும் புதுசா ஒரு காரணம் வருதுன்னா காத்திருக்கிறதுல அர்த்தமே இல்ல, வக்கீல பாருங்க.

போறப்ப அக்ரிமென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், இந்த மெசேஜ் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துட்டு போங்க. 11 மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல போட்டு பீரோவுல வச்சு மறந்துபோன அக்ரிமென்ட் போதாது, எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும்னு சட்டம் சொல்லுது, அதுக்கு அரசோட ஆன்லைன் போர்ட்டலே இருக்கு. இப்ப நல்லா இருக்கிற டெனன்ட்டா இருந்தாலும் இத முடிச்சு வைங்க, ஏன்னா உறவு கெட்டப்புறம் கையெழுத்து கேட்டா யாரும் போடமாட்டாங்க.

ரெண்டு மாச வாடகை பாக்கின்னா நோட்டீஸ் அனுப்பலாம், ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட்டோட அனுப்புங்க. நோட்டீஸ் கிடைச்சு ஒரு மாசத்துக்குள்ள முழு பாக்கியும் கட்டிட்டா அந்த காரணத்த வச்சு வெளிய அனுப்ப முடியாது, கட்டலன்னா வாடகை கோர்ட்ல பெட்டிஷன் போடலாம், சென்னைல அது ஸ்மால் காசஸ் கோர்ட்ல நடக்குது. அக்ரிமென்ட் காலம் முடிஞ்சும் காலி பண்ணலன்னா முதல் ரெண்டு மாசத்துக்கு ரெண்டு மடங்கு வாடகையும் அதுக்கப்புறம் நாலு மடங்கும் கேக்க சட்டத்துல வழி இருக்கு, நிறைய ஓனர்ங்களுக்கு இது தெரியறதே இல்ல, நோட்டீஸ்ல இத ஒரு வரி சேக்க சொல்லுங்க.

கேஸ் போட்டப்புறமும் பேச்சுவார்த்தைக்கு கதவ சாத்தாதீங்க. ஒரு மாச வாடகைய விட்டுக்கொடுத்தா இந்த மாச கடைசில போறேன்னு சொன்னா ஒத்துக்கோங்க, கோர்ட் செலவு அதவிட ஜாஸ்தி ஆகும்.

காலி பண்ற அன்னிக்கு அவர கூட வச்சுக்கிட்டே ஈபி மீட்டர போட்டோ எடுங்க, சர்வீஸ் நம்பர போட்டு பாக்கி இருக்கான்னு ஆன்லைன்ல பாருங்க, ஏன்னா கனெக்ஷன் உங்க பேர்ல இருக்கு. பாத்ரூம் குழாய், ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாத்தையும் ஒரு வீடியோ. "வீட்ட காலி பண்ணி சாவிய ஒப்படைச்சுட்டேன்"னு தேதி போட்டு கையெழுத்து வாங்கிட்டு, கழிச்சது போக மீதி அட்வான்ஸ ஒரு மாசத்துக்குள்ள பேங்க் மூலமா அனுப்பிடுங்க, எதுக்கு எவ்ளோ கழிச்சீங்கன்னு கணக்கையும் கூடவே அனுப்புங்க.