தக்காளி நாற்றைக் கழுத்துவரை புதைக்கலாம், கேரட்டைத் தொடவே வேண்டாம்

தக்காளி நாற்றை மாற்றி நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்குங்கள். நாற்று நெட்டையாக வளர்ந்துவிட்டதா? படுக்கவைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூடுங்கள். தண்டின் அடியை உற்றுப் பாருங்கள். சில செடிகளில் கடுகுபோன்ற சிறு புடைப்புகள் தெரியும். நோய் என்று பயப்பட வேண்டாம். அவை வேராகக் காத்திருக்கும் மொட்டுகள். ஈர மண் பட்டதும் நீளும். தண்டிலிருந்து இப்படிக் கிளம்புவது வேற்றிட வேர். வேர் கூடினால் செடி தண்ணீரும் சத்தும் கூடுதலாக எடுக்கும். ஒட்டுக் கட்டிய நாற்று என்றால் மட்டும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

கேரட், முள்ளங்கி கதை வேறு. விதையிலிருந்து முதலில் இறங்கும் முளைவேர்தான் ஆணிவேராகித் தடித்துக் கிழங்காகிறது. அதன் நுனி ஒடிந்தால் கிழங்கு கவட்டைபோலப் பிளந்துவிடும். கல்லில் முட்டினாலும் அப்படித்தான். ஆகவே விதையை நேரடியாகப் பாத்தியில் தூவிவிடுங்கள்.

எந்த நாற்றானாலும் வேரோடு ஒட்டிய மண்ணை உதறாதீர்கள். நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் மயிரிழையைவிட மெல்லியவை, உதறினால் அறுந்துவிடும். மாலையில் நடுவது நல்லது.