நண்பர்களோடு 365 நாள் ஓட்டம்: தூரத்தைக் குறைத்து வையுங்கள்

தினமும் ஓடலாம் என்று நாலைந்து பேர் கூடிப் பேசியதும் யாராவது ஒருவர் ஐந்து கிலோமீட்டர் என்பார். அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். விடாமல் ஓடுபவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் குறைந்தபட்சம் ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. பிரிட்டன் மாரத்தான் வீரர் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒரு நாள் விடாமல் ஓடினார். அவருக்கும் நாளுக்கு ஒரு மைல்தான் குறைந்தபட்சம். நீங்கள் 2 கி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக ஓடினாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆண்டு முடிவில் 730 கி.மீ.; சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேரும் தூரம்.

விதிகளை வாட்ஸ்அப் குழுவில் எழுதி, எப்போதும் மேலே தெரியும்படி பொருத்திவிடுங்கள். நாள் என்பது நள்ளிரவு 12 முதல் 12 வரை. டிரெட்மில் கணக்கில் சேரும், நடை சேராது. காய்ச்சலோ எலும்பில் ஒரே புள்ளியில் வலியோ வந்தவர் நிறுத்தியே ஆக வேண்டும். தேறியதும் தன் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கிக் குழுவோடு ஓடலாம். விட்ட நாளுக்குக் காசு அபராதம் வேண்டாம். அது சோம்பேறியைக் கிளப்பாது, காய்ச்சல்காரரைத்தான் தெருவுக்கு இழுத்து வரும்.

சென்னைக்கு ஜனவரி 1 நல்ல தொடக்கம். அக்னி நட்சத்திரம் வருவதற்குள் உடம்புக்கு நான்கு மாதப் பழக்கம் ஏறியிருக்கும். இதுவரை ஓடாதவர்கள் நவம்பரிலேயே பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வாரம் ஒரு நிமிடம் ஓட்டத்தைக் கூட்டிச் சுற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பெரும்பாலானோர் அடிபடுவது முதல் இரண்டு மாதத்தில். மூச்சு சில வாரத்திலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் கணுக்காலுக்கு மேலே, காலின் உள்பக்க எலும்பு ஓரமாக வலிக்கும். அங்கே விரலால் அழுத்திப் பாருங்கள். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் வேகத்தையும் தூரத்தையும் குறைத்தால் போதும், பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் கூடினால் அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம். அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

ஆகவே குழுவின் வேகம் கடைசி ஆளின் வேகம். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் 5, 6 கி.மீ. போகலாம், மறுநாள் கட்டாயம் 2 மட்டுமே. அந்த 2 கி.மீ.தான் உங்களுக்கு ஓய்வு நாள்.

சந்திப்பு காலை 5.15. மாலைக்குத் தள்ளினால் ஆபீஸ், மழை, விருந்தாளி என்று ஏதாவது குறுக்கே வரும். இருட்டில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். தொடை உரசுமிடத்தில் தேங்காய் எண்ணெய்.

ஷூ இரண்டு ஜோடி வேண்டும், மாற்றி மாற்றிப் போட. ஒரு ஜோடி ஏறத்தாழ 600 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். நனைந்தால் உள்ளட்டையை உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கி முன்புறம் வரை திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றி மின்விசிறிக்கடியில் வையுங்கள். சுள்ளென்ற வெயிலில் காயவைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும்.

வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்கவே வேண்டாம். சாக்கடை மூடி திறந்திருப்பதும் மின்கம்பி அறுந்து கிடப்பதும் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் கைகொடுக்கும். 20 மீட்டர் நீளம் கிடைத்தால் போய்வர 50 தடவை, 2 கி.மீ. திரும்பும்போது ஒரே காலை ஊன்றித் திருகாமல், இந்தக் கோடியில் இடப்பக்கமாகவும் அந்தக் கோடியில் வலப்பக்கமாகவும் அகலமாக வளைந்து திரும்புங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே முட்டி வலிக்கும்.