அடிக்கடி அடிபடுற குதிரையை வச்சுக்கிட்டு சமாளிக்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

சில குதிரைங்க இருக்கு, மத்த குதிரையெல்லாம் ஒழுங்கா நிக்கிற அதே இடத்துல இது மட்டும் வேலிக்குள்ள கால விட்டுக்கும், கதவுல இடுப்ப இடிச்சுக்கும், சமதரையில நடக்கும்போதே தடுக்கும். பாக்கறவங்க ராசியில்லாத குதிரைன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. ராசியெல்லாம் ஒண்ணும் இல்லங்க. எந்த இடத்துல அடி பட்டுச்சு, எப்போ பட்டுச்சு, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, கொஞ்ச நாள்ல அதே ஆணி, அதே கதவு, அதே சண்டைக்கார குதிரைன்னு ரெண்டு மூணு காரணம்தான் சுத்தி சுத்தி வரும். அங்கேர்ந்துதான் வேலைய ஆரம்பிக்கணும்.

ஸ்டெப் 1: நல்லா இருக்கும்போது எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

இத நிறைய பேர் விட்டுடறாங்க. அடிபட்ட அன்னிக்குத்தான் நாடி பிடிச்சு பாக்கறாங்க, அப்போ வர்ற நம்பர் அந்த குதிரைக்கு கூடவா கொறச்சலான்னு எப்படி தெரியும்? வளர்ந்த குதிரை சும்மா நிக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28-லேர்ந்து 44, மூச்சு 8-லேர்ந்து 16, உடம்பு சூடு 37.2-லேர்ந்து 38.3 டிகிரி செல்சியஸ். கீழ்த்தாடை எலும்போட ஓரத்துல, உள்பக்கமா விரல வச்சு லேசா உருட்டினா ஒரு ரத்தக்குழாய் தட்டுப்படும், அங்க 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கிக்கோங்க. அப்புறம் மேல் உதட்ட தூக்கி ஈறுல விரலால அழுத்தி எடுங்க, வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப இளஞ்சிவப்பா மாறணும். வாரம் ஒரு தடவ எடுத்து அதே நோட்டுல குறிச்சு வச்சா போதும்.

ஸ்டெப் 2: குதிரைய திருத்தறதுக்கு முன்னாடி இடத்த திருத்துங்க

லாயத்த ஒரு சுத்து சுத்தி வாங்க, கண்ணால மட்டும் இல்ல, சுவத்தையும் கதவையும் கையால தடவிக்கிட்டே. நீட்டிக்கிட்டு இருக்கிற ஆணி, உடைஞ்ச பலகை, வாளி மாட்டற கொக்கி, கூர்மையான தகரம் எல்லாம் கைக்குத்தான் மாட்டும். முள்கம்பி வேலி இருந்தா வேற யோசனையே வேணாம், எடுத்துடுங்க. குதிரை மாட்டிக்கிட்டா நின்னு யோசிக்காது, இழுக்கும், இழுக்க இழுக்க தோலோட வந்துடும். புல்லு வலைய தாழ தொங்க விடாதீங்க, காலியானதும் இன்னும் கீழ இறங்கி முன்கால் அதுக்குள்ள போயிடும்.

கதவுல இடுப்பு இடிக்கிற கேஸுக்கு மருந்தே இல்லாத வைத்தியம் இருக்கு: கதவ முழுசா தொறங்க, குதிரைய நேரா உள்ள நடத்துங்க, முழு உடம்பும் தாண்டற வரைக்கும் திருப்பாதீங்க. பாதி உடம்பு வெளிய இருக்கும்போதே நாம திரும்பிடறோம், அதான் இடிக்குது.

மேய விடும்போது நைலான் ஹால்டர (தலையில மாட்டற பட்டை) போட்டே விடாதீங்க, எங்கயாவது மாட்டினா அது அறுந்து போகாது. கண்டிப்பா போட்டே ஆகணும்னா தோல்ல செஞ்சது, இல்லன்னா இழுத்தா விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கிறதுதான்.

ஸ்டெப் 3: கட்டறத ஒழுங்கா கட்டுங்க

குதிரையோட தோள் மேட்டு உயரத்துல, ஒரு கை நீளத்துக்கு மேல கயிறு விடாம, ஒரு இழுப்புல அவுந்துடற முடிச்சா போடுங்க. கயிறு நீளமா இருந்தா காலு தாண்டி உள்ள போயிடும், தாழ கட்டினாலும் அதேதான். வளையத்துல நேரா கட்டாம நடுவுல ஒரு மெல்லிசு சணல் கயித்த போட்டு அதுல கட்டுங்க, குதிரை பயந்து பின்னாடி இழுத்தா சணல் அறுந்துடும், கழுத்து தப்பிக்கும். கயித்த கையில சுத்திக்கிட்டு குதிரைய நடத்தறவங்க இத படிச்சீங்கன்னா இன்னிக்கே நிறுத்திடுங்க, விரல் போயிடும்.

ஸ்டெப் 4: தினமும் கையால ஒரு செக்

காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ நாலு காலையும் மேலேர்ந்து கீழ வரைக்கும் தடவுங்க. எங்கயாவது சூடு, வீக்கம், தொட்டா காலை இழுத்துக்கறது இருக்கான்னு பாருங்க, அந்தப் பக்கத்த எதிர்ப்பக்கத்தோட ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணணும். குளம்ப தூக்கி சுத்தம் பண்ணி கல்லு, ஆணி ஏதாவது இருக்கான்னு பாருங்க. குதிரைக்கு கிட்டத்தட்ட 350 டிகிரி வரைக்கும் பார்வை உண்டு, ஆனா வாலுக்கு நேர் பின்னாடியும் நெத்திக்கு நேர் முன்னாடியும் தெரியாது, அதனால பின்பக்கம் போறப்ப பேசிக்கிட்டே, ஒரு கைய அது மேல வச்சுக்கிட்டே போங்க.

ஸ்டெப் 5: அடி பட்டுடுச்சு, இப்ப என்ன?

இங்கதான் புதுசா வந்தவங்க தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. தொடையில பெருசா கிழிஞ்சு ரத்தம் ஊத்தறத பாத்து அலறுவாங்க, மூட்டு மேல இருக்கிற பொட்டு ஓட்டைய பாத்துட்டு சின்ன காயம்தானேன்னு மருந்து தடவி விட்டுடுவாங்க. காயத்தோட சைஸ் முக்கியமே இல்ல, எந்த இடத்துல இருக்குங்கறதுதான் முக்கியம். மூட்டுக்கு பக்கத்துல ஓட்டை விழுந்தா கிருமி மூட்டுக்குள்ளயே போகலாம், அப்போ மணிக்கணக்குதான், நாள்கணக்கு கிடையாது, உடனே டாக்டர் வரணும். கண்ணு அடியும் அப்படித்தான். வீட்டுல மிச்சம் இருக்கிற கண் மருந்த எடுத்து போடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து கருவிழியில புண்ணும் இருந்தா நெலமை மோசமாயிடும்.

குளம்புல ஆணி ஏறியிருக்கா? கை துறுதுறுக்கும், ஆனா பிடுங்காதீங்க. டாக்டர் வந்து எக்ஸ்ரே எடுத்தாத்தான் எவ்வளவு உள்ள போயிருக்கு, எந்தப் பக்கம் போயிருக்குன்னு தெரியும், பிடுங்கிட்டா ஓட்டை மூடிக்கும், தடமே கிடைக்காது. ஊணும்போது இன்னும் உள்ள ஏறிடும்ங்கற மாதிரி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டு எடுங்க, எடுத்த இடத்த குறிச்சு வைங்க, ஆணியையும் தூக்கிப் போடாம வைங்க.

ரத்தம் வந்தா சுத்தமான துணிய மடிச்சு வச்சு 10 நிமிஷமாவது அழுத்திப் பிடிங்க, நின்னுடுச்சான்னு நடுவுல தூக்கி தூக்கி பாக்காதீங்க. 500 கிலோ குதிரை உடம்புல கிட்டத்தட்ட 40 லிட்டர் ரத்தம் இருக்கும், அதனால தரையில கொஞ்சம் சிந்தினத பாத்து கை நடுங்க வேணாம், ஆனா பீய்ச்சி அடிச்சா அழுத்தின கைய எடுக்காம டாக்டர வரச்சொல்லுங்க. கழுவறதுக்கு, கொதிக்க வச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில 9 கிராம் உப்பு, கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன். நுரை பொங்கற ஹைட்ரஜன் பெராக்சைடு வேணாம், அது நல்ல சதையையும் சேத்து கெடுக்கும்.

முன்கால் முட்டிக்கு கீழயும், பின்கால் நடு மூட்டுக்கு கீழயும் சதையே கிடையாது, எலும்பு, தசைநார், தோல் அவ்வளவுதான். அதனாலதான் அங்க காயம் மெதுவா ஆறும், சில சமயம் காயத்துக்கு வெளிய புதுச் சதை துருத்திக்கிட்டு வளரும், அது தோல மூடவே விடாது. கட்டு போட்டா அடியில தடிமனா பஞ்சு வச்சுட்டுத்தான் போடணும், வெறும் பேண்டேஜ இறுக்கினா தசைநாரே பாதிக்கும். வலி மருந்த டாக்டர் சொல்லாம குடுக்காதீங்க, நொண்டறது மறைஞ்சுட்டா அவரால எங்க வலின்னு கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் டெட்டனஸ் ஊசி, குதிரைக்கு அந்த நோய் ரொம்ப சுலபமா பிடிக்கும், இந்த மாதிரி குதிரைக்கு ஊசி தேதி தள்ளவே கூடாது.

ஸ்டெப் 6: ஏன் தடுக்குதுன்னு கண்டுபிடிங்க

தடுக்கறத சோம்பேறித்தனம்னு சொல்லி குச்சிய எடுக்கறதுதான் எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். மொதல்ல குளம்ப பாருங்க, முன்னாடி நுனி நீண்டு போனா தடுக்கத்தான் செய்யும், 6-லேர்ந்து 8 வாரத்துக்கு ஒரு தடவ லாடக்காரர் வரணும். அது சரியா இருந்தும் தடுக்குதுன்னா கண்ணு, காலு, நரம்பு மூணையும் டாக்டர் பாக்கணும், நொண்டற குதிரை வலிக்கிற முன்கால ஊணும்போது தலைய மேல தூக்கும், ஓட விட்டு பக்கவாட்டுல நின்னு பாத்தா தெரியும். பின்கால் வந்து முன்கால் குதிகால மிதிக்கிற குதிரைக்கு பெல் பூட்ஸ் (குளம்ப சுத்தி மணி மாதிரி மாட்டற உறை) போட்டா அந்த காயம் கொறையும்.

ஸ்டெப் 7: ஏறி ஓட்டறது

டாக்டர் ஓகே சொன்னப்புறம் கையில பிடிச்சு நடத்தறதுலேர்ந்து ஆரம்பிங்க. தரையில மரக்கட்டை நாலு போட்டு அது மேல நடத்துங்க, இடைவெளி நடைக்கு ஏத்த மாதிரி கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர், குதிரை கால தூக்கி வைக்க தானா கத்துக்கும். அப்புறம்தான் சேணம்.

மேல உக்காந்தப்புறம் ஒரே ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும்: அது தடுக்கும்போது கடிவாளத்த இழுக்காதீங்க. குதிரை தலையையும் கழுத்தையும் வச்சுத்தான் பேலன்ஸ் பிடிக்கும், நீங்க இழுத்தா அதோட ஒரே பிடிமானத்த பிடுங்கின மாதிரி. கைய முன்னாடி விட்டுக் குடுங்க, உடம்ப நிமிர்த்தி வைங்க, கீழ பாக்காதீங்க. இறக்கத்துலயும் களைச்சு போன நேரத்துலயும் வேகம் வேணாம். குதிகால் வச்ச பூட்ஸ் போடுங்க, அங்கவடி (சேணத்துல கால் வைக்கிற வளையம்) பூட்ஸ விட ரெண்டு மூணு சென்டிமீட்டர் அகலமா இருக்கட்டும், விழுந்தா காலு மாட்டாம வெளிய வந்துடும்.

அப்படியும் விழுந்துட்டீங்கன்னா, தலை தரையில பட்டுச்சுன்னா அன்னிக்கு திரும்ப ஏறாதீங்க, டாக்டர போய் பாருங்க, ஹெல்மெட் வெளிய நல்லா தெரிஞ்சாலும் புதுசு வாங்கிடுங்க. குதிரையும் சேந்து விழுந்திருந்தா நாலு காலையும் தடவிப் பாத்துட்டு கையில பிடிச்சே லாயத்துக்கு நடத்திட்டு போங்க, மறுநாள் காலையில இன்னொரு தடவ தடவிப் பாருங்க, வீக்கம் சில சமயம் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரியும்.