“அந்தக் காலத்தில் பெயரை வேறு மாதிரித்தான் எழுதினார்கள்”: அது உண்மைதானா என்று சரிபார்ப்பது எப்படி?

நாகர்கோவில் என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் சிலர்கூட ‘ஜி’க்குப் பிறகு ‘ஏ’ போடுகிறார்கள். ரயில் நிலையப் பலகையில் அந்த இடத்தில் இருப்பது ‘ஈ’. அதைச் சுட்டிக்காட்டினால், “முன்பு ‘ஏ’தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன்” என்று உறுதியாகச் சொல்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில், 1962 முதல் வெளிவந்த ‘பெரன்ஸ்டெயின்’ கரடிக் கதைகளைப் பற்றியும் இதே வழக்குதான்: அட்டையில் ‘எஸ்’, ‘டி’ எழுத்துகளுக்குப் பிறகு இருப்பது ‘ஏ’, பலர் நினைவில் நிற்பதோ ‘ஈ’. நெல்சன் மண்டேலா 1980களிலேயே சிறையில் இறந்துவிட்டதாகப் பலர் தவறாக நினைத்திருந்ததால் (அவர் இறந்தது 2013இல்) இதற்கு ‘மண்டேலா விளைவு’ என்று பெயர் வந்தது. கடந்த காலமே மாறிவிட்டது, நாம் வேறோர் உலகத்துக்குள் வந்துவிட்டோம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த முடிவுக்கும் போகுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில், எதையும் தேடிப் பார்க்காமல், உங்கள் நினைவில் உள்ள எழுத்துகளையும், அவற்றை எங்கே, ஏறத்தாழ எந்த வயதில் பார்த்தீர்கள் என்பதையும் தாளில் எழுதித் தேதியிடுங்கள். பிறரிடம் கேட்கும்போது “ஏயா, ஈயா?” என்று கேட்காதீர்கள், கேள்வியே விடையைச் சாய்த்துவிடும். பெயரைச் சொல்லி, எழுதித் தரச் சொன்னால் போதும்.

அடுத்து, அந்தக் காலத்திலேயே அச்சான பொருள்களைத் தேடுங்கள்: கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ், இன்லண்ட் கடிதத்தின் அஞ்சல் முத்திரை. ஒன்றை மட்டும் நம்பாமல், தொடர்பில்லாத இரண்டையாவது ஒப்பிட வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடுதல் கவனம் தேவை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த மண்ணாக இருந்ததால், பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் தக்கலையை ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே உண்மையாகப் புழங்கிய வடிவங்கள்.

எழுத்தே மாறியதா என்பதையும் பார்க்க வேண்டும். தக்கலை, தோவாளை என்ற பெயர்களின் கடைசி எழுத்து யானைத் துதிக்கைபோல வளைந்திருந்தது என்று என் தந்தை சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பலமுறை மறுத்திருக்கிறேன். வீட்டுப் பெட்டியில் 1974ஆம் ஆண்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தபோது, தக்கலையின் ‘லை’ அவர் சொன்னபடியே வளைந்து நின்றது. தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல்தான். தவறு அவருடையதல்ல, என்னுடையது. 2020 ஜூனிலும், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அப்போது செய்தியில் பார்த்த எழுத்து ஒருவர் நினைவில் தங்கியிருந்தால், அவரைப் பிழை சொல்ல முடியாது.

இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால், நினைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். நாகர்கோவிலில் ‘ஈ’ என்பது ‘ஏ’ ஆகிறது, கரடிக் கதையில் ‘ஏ’ என்பது ‘ஈ’ ஆகிறது. எழுத்துகள் எதிரெதிராக மாறினாலும் இரண்டும் பழகிய வடிவத்தை நோக்கியே நகர்கின்றன. ‘நகர்’ என்று ‘ஏ’ போட்டு எழுதிப் பழகிய கை நமக்கு. ‘ஐன்ஸ்டைன்’ போன்ற பெயர்களைப் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு. உலகமே மாறியிருந்தால், பழகாத வடிவங்களும் அதே அளவுக்கு நினைவில் எழ வேண்டும். அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உறுதியாக நினைவிருப்பதும் சான்றாகாது: 1995இல் ரோடிகர், மெக்டெர்மாட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் படுக்கை, ஓய்வு, கனவு போன்ற சொற்களைப் படித்துக் காட்டியபோது, பட்டியலில் இல்லாத ‘தூக்கம்’ என்ற சொல்லையும் கேட்டதாகப் பலர் உறுதியாகச் சொன்னார்கள்.

அதே பெட்டியில் என் தாத்தாவுக்கு வந்த கடித உறை ஒன்றும் இருந்தது. அஞ்சல் முத்திரையில் நாகர்கோவிலின் ‘ஈ’ தெளிவாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே, மாமாவின் கையெழுத்தில், முகவரியில் ‘ஏ’ இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் கண்ணால் பார்த்தது அந்த ‘ஏ’வைத்தான்.