பழைய க்ரோமில் மாட்டிக்கொண்ட டேப்களை மீட்க: முதலில் ரிமூவ் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

மண்டபத்தில் மச்சானுடைய மீன் கம்பெனியில் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருக்கிறது, உப்புக்காற்றில் பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்துப் போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு சும்மா கிடக்கும்போது எஞ்சின் பார்ட்ஸ், வலை விலை, கடல் நிலவரம் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பு என்று தேடியதையெல்லாம் க்ரோமில் டேப் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன் (க்ரோமோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்) ஒன்றில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அது வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றது.

"மாப்ள, இதைத் தூக்கிட்டு மறுபடி போட்டா சரியாயிடும்ல?"

"எதையும் தொடாதீங்க மச்சான், வந்துட்டேன்."

எக்ஸ்டென்ஷனை நீக்கினால் அது சேமித்ததும் கூடவே அழிந்துவிடும். திரும்பப் போடுவதும் நிச்சயமில்லை. விண்டோஸ் 7-க்கு க்ரோம் 109-தான் கடைசி, 2023 பிப்ரவரியில் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். எக்ஸ்டென்ஷனின் புதுப் பதிப்பு 109-ஐவிடப் புதிய க்ரோமைக் கேட்டால் அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை நகல். முகவரிப் பட்டையில் க்ரோம்://வெர்ஷன் என்று (ஆங்கில எழுத்தில்) அடித்தால் ப்ரொஃபைல் பாத் என்ற வரி இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு க்ரோமை மூடுங்கள், டாஸ்க் மேனேஜரிலும் க்ரோம் ஓடவில்லை என்று பாருங்கள், அப்புறம் அந்த ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் எடுங்கள். கேச் என்று பெயர் உள்ளவற்றை விட்டுவிடலாம்.

நகல் கையில் வந்த பிறகு க்ரோமைத் திறந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பக்கம் வந்துவிட்டால் அங்கேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஒன்டேப் என்ற எக்ஸ்டென்ஷனில் வரிக்கு ஒரு முகவரியாகக் கிடைக்கும்.

வரவில்லையா, சரி. க்ரோம்://எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் (இதுவும் ஆங்கில எழுத்தில்) டெவலப்பர் மோடை ஆன் செய்தால் அந்த எக்ஸ்டென்ஷனின் 32 எழுத்து ஐடி தெரியும். நகலில் லோக்கல் எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அதே ஐடியில் ஒரு ஃபோல்டர் இருந்தால் யோகம்தான். வேறு கம்ப்யூட்டரில் க்ரோம் ஸ்டோரிலிருந்து அதே எக்ஸ்டென்ஷனைப் போட்டு, ஒருமுறை திறந்து, க்ரோமை மூடி, அங்கே அதே பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குப் பதில் பழையதை வையுங்கள். மச்சானுக்கு வேலை முடிந்தது இப்படித்தான்.

அங்கே இல்லாமல் நகலில் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இன்னொரு ஃபோல்டரில் இருந்தால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். உள்ளே லாக், எல்டிபி என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். எல்டிபி சுருக்கி எழுதப்பட்டது, முகவரிகள் நடுநடுவே அறுந்து தெரியும், ஆகவே லாக் ஃபைலின் நகலை முதலில் நோட்பேட்++ என்ற எடிட்டரில் திறந்து பாருங்கள். தேடினால் ஒரு முகவரியும் சிக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள்: பட்டியலில் ஒரே ஒரு தமிழ்த் தலைப்பு இருந்தாலும் மொத்தமும் எழுத்துக்கு 2 பைட் வீதம் சேமிக்கப்படும், ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே என்யூஎல் என்று கறுப்புக் கட்டமாகத் தெரிவது அதுதான். ரீப்ளேஸில் எக்ஸ்டெண்டட் மோடைத் தேர்ந்தெடுத்து, பின்சாய்கோடும் பூஜ்யமும் (\0) அடித்து, பதிலுக்கு எதுவும் இல்லாமல் விட்டால் முகவரிகள் ஒழுங்காகச் சேர்ந்துவிடும். தமிழ்த் தலைப்புகள் கந்தலாகும், போகட்டும்.

ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் அபௌட்:சப்போர்ட் பக்கத்திலிருந்து ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கலாம். 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்போடு பழைய ஆட்-ஆன்கள் நின்றுபோனாலும் அவை எழுதி வைத்த ஃபைல்கள் தானாக அழிவதில்லை. செஷன் மேனேஜர் என்ற பழைய ஆட்-ஆன் வைத்திருந்தவர்கள் உள்ளே செஷன்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள்.

டேப்கள் வந்ததும் எக்ஸ்போர்ட் செய்த டெக்ஸ்ட் ஃபைலை உங்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வையுங்கள். மச்சான் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன், பாதிக்குப் பாதி ஒரே கியர்பாக்ஸ்தான், வேறு வேறு கடையில்.