பெரிய ரேட்டிங்காரர் எதிரே உட்கார்ந்தால் செய்யக் கூடாதவை

போன வாரம் ராமநாதபுரத்தில் நடந்த செஸ் போட்டியில் முதல் சுற்று முடியும்வரை சுவரோரம் நின்று பார்த்தேன். தோற்றவரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடும் ஸ்விஸ் முறையில் முதல் சுற்றென்றால், ரேட்டிங்படி (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) அடுக்கிய பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு மோதும். அதனால் பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் எதிரே ரேட்டிங்கில் 400, 500 புள்ளி கூடுதலான ஆட்கள். தொட்ட காயை ஆடணும், ராணியைச் சும்மா கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

டிராவுக்காகக் காய் மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ரேட்டிங்கில் 400 புள்ளி வித்தியாசம் என்றால் ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) கணக்கில் நூறு ஆட்டத்துக்கு 92 ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) பெரிய ரேட்டிங்காரருக்குத்தான் வர வேண்டும், ஆகவே 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளை ஒரு டிரா பிடித்தாலே ரேட்டிங்கில் 16.8 புள்ளி ஏறும். அந்த ஆசையில், பலகை காலியானால் தப்பிக்கலாம் என்று ராணிக்கு ராணி, குதிரைக்குக் குதிரை வெட்டித் தள்ளுகிறார்கள். காய் குறையக் குறைய ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை ஏறும். காய்கள் குறைந்த இறுதிக்கட்டம்தான் பெரிய ரேட்டிங்காரர்கள் வருஷக்கணக்கில் பழகிய இடம்.

நானும் இதைச் செய்தவன். கீழக்கரையில் ஒரு போட்டி, எதிரே ஒரு பெரிய ரேட்டிங்காரர். கடைசியில் ஆளுக்கொரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய். அவர் ராஜா டி5 கட்டத்தில் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை), சிப்பாய் இ5. என் ராஜா எஃப்8, யானை பி6. அவர் தன் யானையை டி6-இல் கொண்டுவந்து வைத்தார், நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், யானை போனால் ஒற்றைச் சிப்பாய்தானே என்று வெட்டினேன். அவர் ராஜாவால் வெட்டினார். சிப்பாயைத் தாண்டி ராஜா ஆறாவது வரிசையில் ஏறிவிட்டது. அப்புறம் நான் எங்கே நகர்ந்தாலும் அந்தச் சிப்பாய் ராணியாகும். யானையை வைத்துக்கொண்டு, பி5-இல் செக் வைத்து டிராவுக்கு இழுத்திருக்க வேண்டிய ஆட்டம்.

காய் மாற்றும் முன் ஒரு கேள்வி போதும்: வெட்டி முடிந்ததும் யாருடைய ராஜா முன்னால் நிற்கும்?

அவர் வேகத்துக்கு ஆடுவது

வேண்டாம்.

திரும்பத் திரும்ப டிரா கேட்பது

காயை நகர்த்தி, கேட்டு, பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். ஒரு தடவை போதும்.

தோற்றதும் எழுந்து ஓடுவது

அன்று கீழக்கரையில் நான் ஓடவில்லை. அவர் டீ வாங்கிக் கொடுத்து, காய்களைத் திரும்ப அடுக்கி, என் யானையை பி6-இல் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதை ஏன் தம்பி கொடுத்தீங்க?"